மடிப்புக்குள் நின்ற பிள்ளை

இன்று காலை ஒரு பெண் சட்டம் போட்ட பழைய போட்டோ ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தாள். ஸ்கேன் செய்வதற்காகப் பின்பலகையைக் கழற்றினேன். படத்தின் வலது ஓரம் பின்பக்கமாக மடிந்திருந்தது. எனக்குக் கை ஓடவில்லை. மெதுவாக விரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வாழைமரம். வேறொன்றுமில்லை. "ஏய், இங்க வந்து பாரேன்" என்று உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நாற்காலியில் போட்டோ பேப்பர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அடுக்கியவளும் நான்தான். ஆனாலும் திரும்பிவிட்டேன்.

இரத்தோட்டையில் அன்று நடந்தது உனக்கு நினைவிருக்குமா என்று கேட்கமாட்டேன். சாகும்வரை நீ அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

மாத்தளை டவுனில் நாம் இருவரும் சேர்ந்து அந்தக் கொமியூனிகேஷன் கடையைத் திறந்தபோது போட்டோகொப்பியும் ஐடி படமும்தான் நம் பிழைப்பு. கல்யாண வீட்டுக்குப் படத்தொகுப்பு செய்து தருவோம் என்று போர்ட் எழுதிவைத்தது உன் வேலை. கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த மென்பொருள்தான் நம்மிடம் இருந்தது. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அசையாமல் நின்றுவிட்டுப் போகும். ஒருநாள் நீ எதையோ தட்டப்போய், படத்தின்மேல் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று கமெரா தொடங்கும் இடம், மற்றது போய் நிற்கும் இடம். நடுவில் உள்ள பயணத்தை அதுவே செய்துகொண்டது. அசையாத படத்துக்குள் யாரோ கமெராவோடு நடப்பதுபோல இருந்தது. நீ சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினாய். முதல் கல்யாணத்தில் பெட்டியைத் தவறாக வைத்துவிட்டாய். மணப்பெண்ணின் முகத்தில் தொடங்கிய கமெரா பக்கத்திலிருந்த மாமாவின் வயிற்றில் போய் நின்றது. மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் நேரமெடுத்தாய். "படம் நடக்கணும்டி, ஓடக்கூடாது" என்பாய்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. இரத்தோட்டை பக்கம் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். அவருக்கும் மனைவிக்கும் ஐம்பதாவது கல்யாண நாள், சேர்ச் மண்டபத்தில் விருந்து. இளைய மகன் படங்களைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் ஒன்று சுவரிலிருந்து கழற்றிய சட்டம். சீகிரியா மலைக்கு முன்னால் அப்பா, அம்மா, இரண்டு பையன்கள். நீ சட்டத்தைக் கழற்றினாய். மடிப்பு விரிந்தது. ஓரத்தில் இரட்டைப் பின்னலோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை.

"பாவம்டி, சட்டம் சின்னதுன்னு ஒரு புள்ளையவே மடிச்சிட்டாங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் படத்துக்கு நீ ஆசையாக வேலை செய்தாய். அம்மாவின் முகத்தில் தொடங்கி, பையன்களின் தோள்வழியாக மெல்ல நகர்ந்து, கடைசியில் அந்தப் பிள்ளையின் முகத்தில் கிட்டப் போய் நிற்கும்படி பெட்டிகளை வைத்தாய். முதலில் ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்று மகனுக்கு போன் போட்டோம். அவனுக்கு நேரமில்லை.

மண்டபத்தில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். வெள்ளைத் துணியில் படங்கள் ஓடின. சீகிரியா படம் வந்தபோது நீ என் கையைக் கிள்ளினாய், "இதப் பாரு" என்று. கமெரா நகர்ந்தது. பையன்களைத் தாண்டியது. பிள்ளையின் முகம் துணி முழுக்க விரிந்தது. பேச்சுச் சத்தம் அப்படியே அறுந்துபோனது. பின்வரிசையில் யாரோ, "ஐயோ, நம்ம ரீட்டா" என்றார்கள்.

மூத்த மகன் நம் மேசைக்குப் பாய்ந்து வந்தான். "யாருங்க இத போடச் சொன்னா? நிப்பாட்டுங்க மொதல்ல!"

நீ பதறிப்போய் ஒரு பொத்தானைத் தட்டினாய். படம் போகவில்லை. அந்த முகத்திலேயே உறைந்து நின்றுவிட்டது. அடுத்த பொத்தான் எது என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மாலையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்தார். மயங்கி விழப்போகிறார் என்று பயந்தேன். அவர் நேராகத் துணிக்குப் பக்கத்தில் நடந்துபோய் அந்தக் கன்னத்தில் கையை வைத்தார். மகளின் முகத்தில் பாதி அவருடைய சேலைமேல் விழுந்திருந்தது.

"ஏங்க, நம்ம புள்ளைங்க. பாருங்களேன்."

மூத்தவன் கத்தினான். "அப்பா, நிப்பாட்டச் சொல்லுங்கப்பா!"

குனிந்திருந்த பெரியவர் தலையை நிமிர்த்தினார். படத்தையே பார்த்தார். வாய் திறக்கவில்லை. கடைசியில் யாரோ ப்ரொஜெக்டரின் வயரைப் பிடுங்கினார்கள்.

திரும்பி வரும் பஸ் முழுக்க நீ அழுதாய். "நல்ல நாளும் அதுவுமா ஒரு குடும்பத்தயே ஒடச்சிட்டோமே, யா அல்லாஹ்." எனக்கு அழுகைகூட வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் போனில் பிடித்த வீடியோ அவளுக்குப் போயிருந்தது. நாவுலயைச் சேர்ந்த ஒரு சிங்களப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள் அவள். அந்த வீட்டில் அவள் பேரைச் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். படத்தை மடித்ததும் அவர்தானாம். இப்போது சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை.

"அப்பா என்ன சொன்னாருங்க?" என்று உன்னிடம்தான் கேட்டாள்.

நீ உள்ளதைச் சொன்னாய். "ஒண்ணும் சொல்லல. ஆனா நிப்பாட்டச் சொல்லி மகன் கத்தியும் அவர் சொல்லல."

அவள் அழுதாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். நீ எழுந்து ஷட்டரை இழுத்தாய். பட்டப்பகலில், ஆட்கள் போட்டோகொப்பிக்குக் காத்து நிற்க! "வாங்க, நாங்களும் வாறோம். ஏச்சு வாங்குறதுன்னா மூணு பேரும் சேர்ந்தே வாங்குவோம்" என்றாய். எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. ஆனாலும் உன் பின்னால் வந்தேன்.

அந்த வீட்டுக் கேட்டைத் தாண்டி ரீட்டா ஓரடி வைக்கவில்லை. பெரியவர் வெளியே வந்தார். வெறும் மேலோடு, தோளில் துவாய்த்துண்டு. அவளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"வெயில்ல நிக்காத. உள்ள வா."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளேயிருந்து அந்த அம்மா போட்ட சத்தத்தில் அடுத்த லயத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடிவந்தார்கள். மூத்த அண்ணன் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. மற்றபடி ரீட்டா மாதத்தில் ஒருதரமாவது அங்கே போய் வருகிறாள்.

இதையெல்லாம் செய்த நீ, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, தலை இடிக்கிறது என்று மதியம் லுஹர் தொழுகைக்கு முன்பே வீட்டுக்குப் போனாய். பிளேன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாய். கொஞ்ச நேரத்தில் உன் தம்பி போன் பண்ணினான். அவன் சொன்ன வார்த்தைகள் காதில் விழுந்தன, பொருள் புரியவில்லை. "சரி, வந்ததும் பேசச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவன் மறுபடியும் எடுத்து, மறுபடியும் சொன்னான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். நான் உங்கள் வீட்டுக்கு வந்து கதவோரத்தில் நின்றேன். உங்கள் முறை எனக்குத் தெரியாது. உள்ளே வரலாமா, உன்னைப் பார்க்கலாமா, ஒன்றும் தெரியவில்லை. உன் உம்மா என்னைக் கண்டுவிட்டு எழுந்துவந்து கையைப் பிடித்தார்.

"கிட்ட வாங்க மகள். நல்லா பாத்துக்கங்க. ஒங்களோடதானே நாள் முழுக்க இருந்தா."

வெள்ளைத் துணிக்குள் உன் முகம் மட்டும் தெரிந்தது. நெற்றி, புருவம், எப்போதும் ஏதோ சொல்லப்போவது போன்ற அந்த வாய். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. உன் உம்மா என் கையை விடவும் இல்லை.

இப்போது கடையில் யாராவது படம் கொண்டுவந்தால், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் பக்கத்தில் உட்காரவைத்து, இவர் யார், இவர் யார் என்று ஒவ்வொரு முகமாகக் கேட்டுக்கொள்கிறேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். சிலர் சொல்லிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். அப்போது நான் அவசரப்படுத்துவதில்லை. உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதுபோல, நானும் நிற்கிறேன்.