பேண்ட் சட்டைக்கு ஒரு தங்கச் சூரியன்

கெலிஓயா,
04.05.2025

அன்புள்ள சுபாஜினி,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு உன் அம்மா உன் போனை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டதால் படம் எடுத்து அனுப்ப வழியில்லை. நீ என் எழுத்தை மட்டும்தான் நம்ப வேண்டும். ஆகவே அது உண்மையாக இருக்க வேண்டும்.

முதல் உண்மை இது. சித்திரை விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது, "ஒங்கட பேண்டுக்கு நான் தங்கத்தில சின்னம் தச்சித் தாரன்" என்றேனே, அப்போது எனக்குத் தங்க நூல் வேலையில் ஒன்றுமே தெரியாது. நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். நீ அதை உங்கள் பேண்டைப் பழக்குகிற மோகனராஜ் சேரிடம் சொல்லுவாய், அவர் அதிபரிடம் சொல்லுவார், அதிபர் காலைக் கூட்டத்தில் சொல்லுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பயப்படாதே. பின்வாங்க மாட்டேன். எங்கள் பாடசாலையில் இருந்தவரை பேண்ட் வாத்தியக் குழுவில் உன்னைப் பின்வரிசையில்தான் மேளம் அடிக்கவிட்டார்கள். புசல்லாவைக்குப் போன முதல் வருடமே நீ தலைவி. ஜூலைப் போட்டியில் நப்லா எங்கள் பேண்டுக்கு முன்னால் வருவாள், நீ உங்கள் பேண்டுக்கு முன்னால் வருவாய். அவள் சட்டையில் கொழும்பில் செய்வித்த சின்னம் மின்னும்போது உன் சட்டை வெறுமையாக இருக்கக்கூடாது.

நேற்று கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் சாமான் வாங்கினேன். கடைக்காரர், "மாப்பிள்ளத் தொப்பிக்கா மகள், பெரஹரா ஊர்வல உடுப்புக்கா?" என்று கேட்டார். "பேண்ட் சட்டைக்கு" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மறுபடியும் பார்த்தார்.

தங்க நூல் உண்மையில் நூலே இல்லை. மஞ்சள் இழை ஒன்றின் மேல் மெல்லிய தகட்டைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைத் தலைமுடி அளவுக்கு மெலிதாக்கியது போன்ற சுருள். அதைத் துண்டு துண்டாக வெட்டி, மணி கோப்பது போல் ஊசியில் கோத்துத் தைக்க வேண்டும். துண்டுகள் உருண்டு ஓடாமல் இருக்க ஒரு தட்டில் வெல்வெட் ஒட்டிவைத்திருக்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு ஒரு கட்டி வாங்கினேன். தைக்கிற நூலை அதில் இழுத்தெடுத்தால் முறுக்கிக்கொள்ளாது. இடுக்கி, என் கூடப்பிறந்த ராத்தா புருவம் திருத்துகிற இடுக்கி. அவளுக்கு இன்னும் தெரியாது.

இரண்டாவது உண்மை: சாதாரணத் தையல் என்று நினைத்து அந்த நூலை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தேன். தகடு உரிந்துகொண்டு வந்து, மஞ்சள் இழை மட்டும் கையில் தொங்கியது. போதாததற்குச் சுருளை உம்மாவின் புதுக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். "கம்பி வெட்டின கத்தரியால நான் இனித் துணி வெட்டுறதா? தங்கச் சின்னம் தைக்க வந்த மூஞ்சப் பாரு" என்றார் உம்மா.

சின்னத்தின் படத்தையும் சட்டைத் துணியில் ஒரு பெரிய துண்டையும் அனுப்பு.

உன் அன்புத் தோழி,
ஸுமைரா


புசல்லாவை,
11.05.2025

என் அருமை ஸுமைரா,

பஸ்ஸை நிறுத்திவைத்துக்கொண்டு அரூஸ் அண்ணன் உன் கடிதத்தைக் கொடுத்தார். நுவரெலியா போகும் பயணிகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொண்டக்டர் கையால் கடிதம் வாங்குகிறாள் என்று இங்கே கதை பரவுவதற்குள், அது நீ என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருப்பதை யாருக்கும் காட்டவில்லை. கடிதம் கணிதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நான் அதைத் திறப்பேன் என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

நீலத் துணியும் படமும் இத்துடன் இருக்கின்றன. உள்ளங்கை அளவு போதும். மேலே சூரியன், அதன் கீழே மலை, மலைக்குக் கீழே இரண்டு இலையும் ஒரு கொழுந்தும். சூரியனில் பிழை விட்டாலும் பரவாயில்லை, கொழுந்தில் விடாதே. இங்கே பாதிப்பேரின் அம்மா மலையில் கொழுந்து எடுக்கிறவர். என் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "முத்துன எலையத் தச்சுக் குடுத்துறப் போவுது அந்தப் புள்ள. கொழுந்துன்னா சுருண்டு நிக்கணும்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

எங்கள் சட்டைகளை அம்மாமார் சேர்ந்துதான் தைக்கிறார்கள். கழுத்துப்பட்டி ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஆனால் எல்லோரும், "தலைவி சட்டையில தங்கம் வருதாம்ல" என்று கேட்கிறார்கள். வரும்தானே?

உன்,
சுபா


கெலிஓயா,
08.06.2025

அன்புள்ள சுபா,

நேற்று எங்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். வட்டலப்பம் அனுப்ப ஆசைதான், ஆனால் அரூஸ் நானா, "கம்பளை தாண்டினா அது என்ட வயித்துக்குள்ளதான் ஈக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். நியாயமான மனிதர்.

நல்ல செய்தி. பிடிபட்டுவிட்டது. தங்க நூலைத் துணிக்குள் இழுக்கவே கூடாது. இரண்டு இழையைப் பக்கம் பக்கமாகத் துணியின் மேல் படுக்கவைத்து, மெழுகு பூசிய மெல்லிய நூலால் இடைக்கிடை குறுக்கே ஒரு சிறு தையல் போட்டுப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அடுத்த வரியில் அந்தத் தையல்கள் முந்திய வரியின் இடைவெளிக்கு நேரே விழ வேண்டும், சுவருக்குக் கல் வைப்பதுபோல. நுனிகளை மட்டும் பெரிய காதுள்ள ஊசியால் பின்பக்கம் இறக்கிவிட வேண்டும். சூரியனுக்கு அடியில் மஞ்சள் கம்பளித் துணி வைத்து மேடாக்கினேன். கொழுந்தைச் சுருளால் தைத்தேன். சுருண்டு நிற்கிறது என்று அம்மாவிடம் சொல்.

கை ஈரம் பட்டால் தங்கம் மங்கும் என்பதால் கழுவித் துடைத்த கையால்தான் தொடுகிறேன். பெருநாளைக்கு மருதாணியும் போடவில்லை, துணியில் கறை பிடிக்கும் என்று. சாச்சியின் பிள்ளைகள், "பெருநாளைக்கு வெள்ளக் கையோடயா? எழவு வீட்டுக்காரி மாதிரி" என்று சிரித்தார்கள். கொஞ்சம் மனவருத்தம்தான்.

நப்லாவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. வகுப்பில் எல்லோருக்கும் கேட்க, "எங்கட பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு எஸ்டேட் பேண்டுக்குத் தைக்கிறா. அவங்கட மேளத்தையும் இவதான் தூக்கப் போறாவாம்" என்றாள். நான், "தூக்கச் சொன்னாத் தூக்குவன்" என்றேன். நல்ல பதில் ஒன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்புடன்,
ஸுமைரா


கெலிஓயா,
22.06.2025

சுபா,

உண்மையை எழுதுவேன் என்று சொல்லியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன்.

சின்னம் இன்று காலை முடிந்தது. தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடித்திருந்த வட்டச் சட்டத்தைக் கழற்றினேன். கழற்றியதும் துணி தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டது. மலை கோணிவிட்டது. சூரியனைச் சுற்றிச் சுருக்கம் விழுந்துவிட்டது. உம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "இது சூரியனா புள்ள, பொரிச்ச பப்படமா?" பிறகு என் முகத்தைப் பார்த்து, "அயன் போட்டுப் பாப்பமா?" என்று மெதுவாகக் கேட்டார். அயன் போட்டால் சுருள் எல்லாம் நசுங்கிப்போகும்.

காட்போட்டில் ஒட்டி இழுத்துக் கட்டினால் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அப்படிச் செய்து அனுப்பிவிடலாமா என்று ஒரு மணித்தியாலம் நினைத்தேன். ஆனால் உன் சட்டையில் தைத்து நீ ஒரு மூச்சு இழுத்தாலே எல்லாம் தெரிந்துவிடும்.

துணியும் நூலும் இன்னொரு முறைக்குப் போதும். ஆனால் என்ன பிழை விட்டேன் என்று தெரியாமல் மறுபடியும் தைத்தால் மறுபடியும் பப்படம்தான் வரும். மோகனராஜ் சேரிடம் நீ என்ன சொன்னாலும் அது சரி. நான் கோபிக்க மாட்டேன்.

ஸுமைரா


புசல்லாவை,
24.06.2025

ஸுமைரா,

கடிதத்தை அப்படியே சேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "இங்க பாரும்மா, கண்டியில மெஷின் போட்டுத் தச்சுக் குடுக்குறாங்க. நாளைக்கே ஓடர் குடுத்துருவோம். நம்பி ஏமாந்தா ஒன் சட்டதான் வெறுஞ்சட்டயா நிக்கும்" என்றார். வரும் என்றேன். "வரலன்னா?" என்றார். வெறுஞ்சட்டையோடு போகிறேன் என்றேன். நான் சொன்னதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இப்போது கவனமாக வாசி. உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதுவே நடந்தது. மேளத்துக்குப் புதுத் தோல் போட்டபோது ஒரு திருகாணியை முழுவதும் இறுக்கிவிட்டுத்தான் பக்கத்துத் திருகாணிக்குப் போனேன். தோல் கோணி, சுருக்கம் விழுந்தது. சேர், "ஒரே பக்கமா இழுத்தா தோலு மூஞ்சியத் திருப்பிக்கும்" என்றார். எதிரெதிராக இறுக்க வேண்டும். இங்கே அரைத் திருகு, நேர் எதிரே அரைத் திருகு, அப்படியே சுற்றிச் சுற்றி. பிறகு ஓர் இரவு சும்மா விட வேண்டும். காலையில் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்க வேண்டும். எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்து ஒரே சத்தம் வந்தால்தான் அடிக்கலாம்.

துணிக்கும் தோலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? உன் வட்டச் சட்டம் சின்னக் கைச் சட்டம். அதில் எத்தனை திருகாணி இருக்கிறது? ஒன்றுதானே. அந்தச் சட்டத்தையே விட்டுவிடு.

சுபா


கெலிஓயா,
13.07.2025

என் சுபா,

நீ சொன்னது சரி. நூலகப் புத்தகத்தில் சட்டம் கட்டுவதற்கு ஒரு முழு அத்தியாயமே இருந்தது. தையலுக்குப் போகும் அவசரத்தில் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிட்டேன். எதையும் முன்னுரையிலிருந்து வாசிக்கிற நான், அதைத் தாண்டிவிட்டேன்.

வாப்பா நான்கு மரச் சலாகைகளை ஆணி அடித்துச் சதுரமாக்கித் தந்தார். நீலத் துணிக்கு அடியில் தடித்த வெள்ளைத் துணி வைத்து, ஓரத்தில் நாடா தைத்து, சட்டத்தைச் சுற்றிக் கயிறு கோத்தேன். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம். இரவு விட்டேன். காலையில் தளர்ந்திருந்தது, மறுபடி இழுத்தேன். நடுவிலும் நான்கு மூலையிலும் விரலால் தட்டினேன். எல்லா இடத்திலும் ஒரே "டும்". உம்மா குசினியிலிருந்து, "ஆரு அது ரபான் அடிக்கிற?" என்றார்.

அதன் பிறகுதான் ஊசியை எடுத்தேன். ஒவ்வொரு நாளும் தைக்கத் தொடங்குமுன் தட்டிப் பார்த்தேன்.

இன்று பகல் கயிற்றை அறுத்தோம். உம்மா, வாப்பா, ராத்தா மூவரும் சுற்றி நின்றார்கள். (இடுக்கி விஷயம் தெரிந்துவிட்டது. அதை வேறு கடிதத்தில் எழுதுகிறேன்.) கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் கயிற்றை வெட்டினேன். திறந்து பார்த்தேன். சூரியன் அப்படியே இருக்கிறது, சுபா. துணி தட்டையாக, சூரியன் மேடாக, வட்டமாக. ஒரு சுருக்கம் இல்லை. ராத்தா, "இத நீயா தச்ச?" என்று கேட்டாள். என் வாழ்நாளில் அவள் என்னிடம் கேட்ட மிக நல்ல கேள்வி அதுதான்.

மடிக்காதே. அழுத்தாதே. பிஸ்கட் டின்னில் காட்போட்டுக்கு இடையில் வைத்திருக்கிறேன். அரூஸ் நானா சாரதிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உன்,
ஸுமைரா


புசல்லாவை,
15.07.2025

ஸுமைரா,

வந்துவிட்டது. அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு, "இத எடுக்கலாம். சரியான கொழுந்து" என்றார். சட்டையில் வைத்துத் தைத்ததும் அவர்தான். சேர் போனை எடுத்து யாருக்கோ, "ஓடர் வேணாம்ங்க" என்றார். வராவிட்டால் என்று அவர் அதுவரை கண்டி ஓடரைப் பிடித்துவைத்திருந்திருக்கிறார்.

சனிக்கிழமை கண்டியில் பார்ப்போம்.

சுபா


கண்டி, மைதான அரங்கு,
19.07.2025, மாலை

அன்புள்ள சுபா,

மலைப்பாதை இருட்டுமுன் ஏற வேண்டும் என்று உங்கள் பஸ்ஸை அவசரப்படுத்திக் கொண்டுபோய்விட்டார்கள். வாப்பா வரும்வரை நான் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நீ அணியின் முன்னால் நின்றதால் உன்னை உன்னால் பார்த்திருக்க முடியாது. ஆகவே நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மேல்வரிசையிலிருந்து கொழுந்து தெரியவில்லை. மலையும் தெரியவில்லை. அத்தனை நாள் குனிந்து தைத்தவை ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் நீ திரும்பும் ஒவ்வொரு முறையும் நீலத்தில் ஒரு வெளிச்சம் பற்றி எரிந்து அணைந்தது. எனக்குப் பின்னால் ஒருவர், "அந்தப் புள்ளட நெஞ்சில என்ன அது?" என்றார். நான் திரும்பிப் பார்த்து, "சூரியன்" என்றேன்.

வாசித்து முடித்து நீங்கள் வரிசையில் நின்றபோது ஒரு பெண் நடுவர் வந்து உன் முன்னால் குனிந்தார். சுருக்கம் விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். மெஷின் வேலையா என்று சிங்களத்தில் கேட்டார், கைவேலை என்று நீ சொன்னாய், யார் செய்தது என்று கேட்டார் என்பதெல்லாம் நீ பிறகு சொல்லித்தான் தெரியும். அங்கிருந்து நான் பார்த்தது இதுதான்: நீ தலைவியின் தடியை உயர்த்தி நேராக என்னைக் காட்டினாய். அரங்கு முழுவதும் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் அது பொய். எழுந்து நின்றேன்.

இரண்டாம் இடம் என்று உங்கள் பாடசாலையின் பெயரைச் சொன்னபோது நின்றுகொண்டே கைதட்டினேன். மூன்றாம் இடம் எங்கள் பாடசாலைக்கு. அதற்கும் கைதட்டினேன், ஆனால் உட்கார்ந்தபடி. நப்லா வந்தாள். "வெக்கமில்லாமக் கேக்கிறன். அடுத்த வருசம் எங்களுக்கும் ஒண்டு தச்சித் தாறியா?" என்றாள். "தாரன். ஆனா மேளத்துக்குத் தோல் போடத் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிட்டு வா, சட்டம் கட்ட வேணும்" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

பஸ் படியில் நீ என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாய். "வேணாம், சுருள் நசுங்கிடும்" என்று கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மன்னித்துக்கொள். ஆனால் நீ உடனே திரும்பி நின்று, "அப்ப பின்னாலருந்து புடி" என்றாய். பிடித்தேன். இவ்வளவு நாள் கழித்துப் பார்த்தும் நடுவர் கதையையும் இதையும் தவிர நாம் வேறொன்றும் பேசவில்லை. எனக்குப் போதுமாக இருந்தது.

இந்தக் கடிதம் திங்கட்கிழமை பஸ்ஸில் வரும். கதிரைகளை அடுக்கி முடித்துவிட்டார்கள். ஒரு வரிக்கு மேல் இன்னொரு வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள், இப்போதுதான் அரங்கு விளக்குகளை அணைத்தார்கள்.

ஸுமைரா