அங்கே களை நம்முடையது இல்லை

சிட்டு,

இன்றைக்குக் காலையில் கிளப்பில் குளத்தோரம் உட்கார்ந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒன்று கிழங்கோடு வந்தது. நகத்தால் கிள்ளினேன். அந்த வாசனை வந்ததும் பழக்கத்தில் பக்கத்தில் கையை நீட்டி, "இந்தா, மோந்து பாரு" என்று சொல்லிவிட்டேன். உன் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற மராத்திப் பெண் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். நீயாக இருந்தால் மோந்துவிட்டு, "கல்யாணப் பொண்ணு வாசனைடி" என்று கிழங்கை முந்தியில் முடிந்திருப்பாய்.

போன மழையில் நீ போனாய். இப்போது பனி. கோல்ஃப் மைதானத்துப் புல் காலையில் நனைந்து கிடக்கிறது. அதில் குந்தி உட்கார்ந்தால் பாவாடை ஓரமெல்லாம் ஈரம். அதை நீ திட்டுகிற மாதிரி திட்ட இங்கே ஆள் இல்லை.

எத்தனை வருஷம் நாம் அந்தப் புல்லில் குந்தியிருந்தோம், சொல்லு. ஹடப்சரில் விடிவதற்குள் பஸ் பிடித்து வந்து, கையில் குர்பியை வைத்துக்கொண்டு களை கொத்துவோம். ஆடுகிறவர்கள் தூரத்தில் வந்து நின்றாலே நம்மை வேலை வாங்கும் முகாதம், "காலீ பஸா!" என்று கத்துவான். கீழே உட்கார வேண்டும், முந்தானையைத் தலையில் போட வேண்டும், அசையக் கூடாது. புனே வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட மராத்தி அதுதான். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தலைக்கு மேலே விசுக்கென்று ஏதோ போகும். அவ்வளவுதான், மறுபடி வேலை. பந்து எப்படிப் பறந்தது, எங்கே போய் விழுந்தது, நமக்குத் தெரியாது. விழுந்த பிறகு முட்டை மாதிரி புல்லில் கிடக்கும்போதுதான் பார்ப்போம்.

"பந்தலைப் போட்டதே நாம. தாலி கட்டறப்ப மட்டும் கண்ணை மூடிக்கணுமாடி?" என்பாய்.

அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நம் கிளப்பில் ஒரு தடவை பெரிய போட்டி நடந்தபோது, கடைசி நாள் நம்மையும் பார்க்க விடச் சொல்லி முகாதமிடம் மல்லுக்கு நின்றாய். அவன் தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தான். இரண்டு பேரும் நல்ல புடவை கட்டி, பூ வைத்து, கயிறு கட்டின இடத்தில் மற்றவர்களோடு போய் நின்றோம். உயரமாக ஒரு பையன் வந்து பந்துக்கு முன்னால் நின்றான். கூட்டம் கப்சிப். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் படக்கென்று கீழே குந்தி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டோம்.

'டொக்' என்றது. போயிற்று.

பின்னால் நின்ற ஒருவர் குனிந்து, "க்யா ஹுவா, ஆண்ட்டி?" என்று கேட்டார். நீ முந்தானைக்குள்ளிருந்தே, "குச் நஹி ஸாப், பழக்கம்" என்றாய். அதோடு விட்டாயா? எழுந்திருக்கும்போது கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கோரை உன் கண்ணில் பட்டுவிட்டது. முந்தின நாள் நாம் விட்டுப்போன கோரை. அடுத்த ஆட்டக்காரன் வந்து கட்டையை ஓங்குகிறான், நீ கயிற்றுக்கு அடியில் கையை விட்டு அதைப் பிடுங்குகிறாய். தொப்பி போட்ட ஒரு ஆள் பாய்ந்து ஓடி வந்தான். அந்த ஆட்டக்காரன் நிறுத்திவிட்டுச் சிரித்தான். நான் உன் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். நீ கோரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாய்.

பஸ்ஸில் சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் வந்துவிட்டது. விக்கல் அடங்கியதும் சொன்னாய். "நம்ம கிரவுண்டுல நமக்குக் கையும் சும்மா இருக்காது, கழுத்தும் சும்மா இருக்காது. டெல்லிக்குப் போவோம்டி. வெளிநாட்டுக்காரனெல்லாம் வந்து ஆடுறான்ல, அந்தப் பெரிய போட்டி. அங்க களை நம்முடையது இல்ல. ஒரு பந்து, ஒரே ஒரு பந்து, அடிச்சதுலேர்ந்து விழற வரைக்கும் நிமிர்ந்து பார்த்துட்டு வந்துருவோம்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். மறுநாளே டெல்லியில் இருக்கிற உன் நாத்தனார் மகளுக்கு போன் போட்டு, தங்க இடம் கேட்டுவிட்டாய்.

அப்புறம் ஒரு வருஷமாக மத்தியானச் சோறு தின்னும்போதெல்லாம் டெல்லிதான். ரயிலில் முதல் நாளுக்குப் புளிசாதம், மறுநாளுக்குச் சப்பாத்தி. ஜன்னல் ஓரம் உனக்கு. மைதானத்துக்குச் செருப்பு ஆகாது, வழுக்கும், கேன்வாஸ் ஷூ வாங்க வேண்டும். புடவைக்கு ஷூவா என்று நான் கேட்டால், "உன் காலை யாரு பார்க்கப் போறா, எல்லாரும் பந்தைப் பார்ப்பான்" என்றாய். குனியாமல் இருக்கப் பயிற்சி வேறு. நான் அசந்திருக்கும் நேரம் பார்த்து டிபன் மூடியில் கரண்டியால் 'டொக்' என்று தட்டுவாய். என் தலை குனிந்தால் என் தட்டுக் கருவாடு உனக்கு. எத்தனை கருவாடு தின்றிருப்பாய், பாவி!

காய்ச்சல் என்று படுத்தாய். நெஞ்சில் சளி இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஸ்வெட்டர் வாங்கிட்டியா?" என்று கேட்டாய்.

"நீ வந்து பொறுக்கிக் குடு" என்றேன்.

"மஞ்ச மட்டும் வாங்காத. நீ மஞ்ச போட்டா சிக்னல் மாதிரி இருப்பே."

அதற்கப்புறம் நீ என்னோடு பேசவில்லை.

டெல்லியை நானும் விட்டுவிட்டேன். உன்னோடு போட்ட திட்டத்துக்கு நான் மட்டும் போவது, உன் சோற்றை எடுத்துத் தின்கிற மாதிரி இருந்தது. போன வாரம் உன் நாத்தனார் மகள் போன் செய்தாள். "அத்தை சொல்லி வெச்சிருந்தாங்க ஆண்ட்டி. போட்டி வருது, உங்களுக்கு பாஸ் எடுக்கட்டுமா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்கவும் இல்லை. ஹிந்தி பேசுகிற வாய் நீதானே. நான் உன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள்.

இன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், முகாதம் கத்தினான். அந்த மராத்திப் பெண் சட்டென்று குனிந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். 'டொக்' கேட்டது. என் கழுத்து தன்னால் போயிற்று, பாதியில் நின்றது. நின்றேவிட்டது சிட்டு, முழுசாகக் குனியவில்லை. நிமிர்ந்து பார்ப்பதற்குள் பந்து போய்விட்டது, வெறும் வானத்தைத்தான் பார்த்தேன். ஆனால் கழுத்தைப் பிடித்து நிறுத்தினது யார் என்று எனக்குத் தெரியும். கருவாடு தின்ற கடன் தீர்க்கிறாய்.

சாயங்காலம் வந்ததும் என் மகனிடம் டெல்லிக்கு டிக்கெட் போடச் சொன்னேன்.

"ஹிந்தி தெரியாம டெல்லில என்னம்மா பண்ணுவே?"

"பந்து என்ன ஹிந்தியிலயா பறக்குது?"

"டிவில காட்டுவான்மா. கிட்டக்க காட்டுவான்."

"டிவில அவன் காட்டற எடத்தைத்தான் பார்க்கணும். எனக்குப் பிடிச்ச எடத்தை நான் பார்க்கணும்டா."

அவன் சிரித்துக்கொண்டே போனை எடுத்து டிக்கெட் போட்டான். ஜன்னல் ஓரம்தான் கிடைத்திருக்கிறது. உன் நாத்தனார் மகளிடமும் பாஸ் எடுக்கச் சொல்லிவிட்டேன். அவள் ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிப்போகிறாளாம்.

பயம் இருக்கிறது. ஆனால் அது ரயிலுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. டிக்கெட் போட்டுவிட்டு என் மகன் ஒரு பேச்சுக்குச் சொன்னான், டெல்லியில் பாதி நாள் புகை மூடி வானமே வெளுத்துக் கிடக்குமாம், நீலமே தெரியாதாம். அதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது.

வெள்ளை வானத்தில் வெள்ளைப் பந்து போனால் நம் கண்ணுக்குத் தெரியுமாடி?