குனிந்தால் இறங்கும் ஊசி

ஆரணி
18.11.1996

அன்புள்ள மஹிமாவுக்கு,

கால் வலி குறைந்ததா? நீ பஸ் படியிலிருந்து விழுந்த நாள் முதல் லேப் மேஜையில் உன் பக்கம் காலியாகவே கிடக்கிறது. மாவுக்கட்டு பிரிக்க மாசி ஆகிவிடும் என்று உன் அப்பா கல்லூரிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அதுவரை இங்கே நடப்பதை நான் எழுதுகிறேன். ஒரே வருஷத்தில் சேர்ந்தோம், நீ மட்டும் பின்தங்கக் கூடாது.

இந்த வாரம் டயோடு. மின்சாரத்தை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது என்று புத்தகத்தில் படித்தோமே, அதுதான். கறுப்புப் பூச்சு பூசிய குட்டிக் கண்ணாடிக் குழாய், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. தலைகீழாக மாட்டினாலும் ஒரு துளி மின்சாரம் கசியுமாம். அதை மீட்டரில் அளக்க வேண்டும். ஊசி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு மட்டும் நிற்கவில்லை. எண்ணைப் படிக்கக் குனிந்தால் இறங்குகிறது, நிமிர்ந்தால் ஏறுகிறது. சக்கரவர்த்தி சார் பார்த்துவிட்டு, "ஊசி உன்னப் பாத்து பயப்படுதா?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்தது. வயர் லூசாக இருக்கும் என்று சொல்லி நகர்ந்துவிட்டார். எல்லா வயரையும் பிரித்து மாட்டிவிட்டேன், அப்படியேதான் இருக்கிறது.

மற்றவர்கள் சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பார்க்காததை எழுத எனக்குக் கை வரவில்லை. கையெழுத்து இல்லாமல் செய்முறைத் தேர்வில் உட்கார முடியாது. உனக்கு என்ன தோன்றுகிறது?

உன் பதிலுக்கு ஏங்கும்
திலகவதி

தேசூர்
30.11.1996

அன்புத் திலகா,

உன் கடிதம் வந்த பிறகுதான் இந்தக் கட்டிலில் எனக்குப் பொழுது போகிறது. தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் இன்னும் உடம்பு தூக்கிப்போடுகிறது. அதைத் தவிர நலம். ப்ளஸ் டூ படிக்கும் என் தங்கை ரத்னா, என் மாவுக்கட்டின்மேல் டயோடு படம் வரைந்துவிட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். விசைத்தறிகள் ஓடும்போது உங்கள் வீட்டில் பல்பு மங்கும் என்று சொல்லியிருக்கிறாய். லேபுக்கு வரும் கரண்டும் அப்படி ஏறி இறங்குகிறதோ? அமாவாசைக்குத் தறி ஓடாதே, அன்றைக்கு அளந்து பார். அப்படியே மேஜையைப் படமாக வரைந்து அனுப்பு. மீட்டர் எங்கே, ஜன்னல் எங்கே, நீ எங்கே நிற்கிறாய், எல்லாம் வேண்டும். இங்கிருந்து நான் பார்க்க வேறு வழி இல்லை.

படுத்தே கிடக்கும்
மஹிமா

ஆரணி
14.12.1996

அன்புள்ள மஹிமா,

அமாவாசையன்று ஊரே சத்தமில்லாமல் இருந்தது. நான் ஆசையோடு போய்க் குனிந்தேன். ஊசி இறங்கியது. தறி மேல் தப்பில்லை.

படம் இத்துடன் இருக்கிறது. நாம் இருந்த சுவரோர இடத்தில் மழைக்கு ஒழுகியதால், நம் மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஏறி இறங்கும் எண்களை அப்படியே ரெக்கார்டில் எழுதினேன். சார் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுவிட்டார். "எல்லாரும் அடுத்ததுக்குப் போயிட்டாங்க, நீ இதையே புடிச்சிகினு இருக்கியே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான்தான் அவருக்குப் பேஜார் கொடுக்கிறேன்.

அம்மா உனக்காக அதிரசம் சுட்டிருக்கிறாள். தேசூர் பஸ்ஸில் யார் மூலமாவது அனுப்புகிறேன்.

திலகா

தேசூர்
2.1.1997

என் அருமைத் திலகா,

அதிரசம் உடையாமல் வந்தது. அம்மாவிடம் சொல்.

நீ குனிந்தால் என்னவெல்லாம் மாறும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உன் மூச்சு படும். ஆனால் சூடானால் கசிவு கூடும் என்றுதானே புத்தகம் சொல்கிறது? உனக்குக் குறைகிறது. நேற்று நான் உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரத்னா சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். படம் இருட்டாகிவிட்டது. தள்ளிப் போடி என்று கத்தப் போனவள் அப்படியே நிறுத்திவிட்டேன்.

திலகா, நீ குனியும்போது உன் தலை வெளிச்சத்தை மறைக்கிறது. மேஜை பழையபடி சுவரோரம் இருந்திருந்தால் மறைக்க வெளிச்சமே இருந்திருக்காது. அந்தக் கண்ணாடிக் குழாயில் கறுப்புப் பூச்சு எங்காவது உரிந்திருக்கிறதா பார். குனியாமல் கையால் மட்டும் மறை. பிறகு டார்ச் அடித்துப் பார். வெளிச்சம் பட்டு மின்சாரம் கூடுமா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. சீக்கிரம் எழுது.

மஹிமா

ஆரணி
20.1.1997

மஹிமா,

உரிந்திருந்தது. நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு, அவ்வளவுதான்.

சாரைக் கூப்பிட்டேன். சலிப்போடு வந்தார். கையால் மறைத்தேன், ஊசி இறங்கியது. அவர் என் கையைத் தள்ளிவிட்டுத் தன் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். டார்ச் அடித்ததும் ஊசி துள்ளி ஏறியது. பெட்டியிலிருந்து பூச்சு உரியாத இன்னொரு டயோடை எடுத்து மாட்டினார். அது அசையவே இல்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெளிச்சம் பட்டால் உள்ளே எலெக்ட்ரான்கள் விடுபட்டு மின்சாரத்தோடு சேர்ந்துகொள்ளும், அதைத் தடுக்கத்தான் அந்தப் பூச்சு என்று எங்களுக்கு விளக்கினார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். "எனக்கில்ல சார். மஹிமா, தேசூர்ல படுத்துகினே சொன்னா" என்றேன். என் ரெக்கார்டை வாங்கினார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இனி எழுதப் போவது உனக்குப் பிடிக்காது. வருகை நாட்கள் போதாததால் இந்த வருஷத் தேர்வை நீ எழுத முடியாதாம். ஜூனில் மறுபடி முதல் வருஷத்தில் சேரலாம், இடம் வைத்திருக்கிறேன் என்று சார் சொன்னார். வருவாய்தானே?

திலகா

தேசூர்
12.2.1997

அன்புள்ள திலகாவுக்கு,

ஊசி துள்ளியதைப் படித்தபோது நானும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் உண்மை.

ஆனால் நான் வரவில்லை. ரத்னா இந்த ஜூனில் அதே வகுப்பில் சேரப் போகிறாள். தங்கையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பாடத்தைப் படித்து, அவளைவிடக் குறைந்த மார்க் வாங்கினால் என் முகத்தை எங்கே வைப்பேன்? போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி என்று அப்பா சொல்லிவிட்டார். கோபப்படக்கூட எனக்கு ஆள் இல்லை.

தயவுசெய்து இனிமேல் பாடம் பற்றி எழுதாதே. வேறு எதை வேண்டுமானாலும் எழுது.

மஹிமா

ஆரணி
5.3.1997

அன்புள்ள மஹிமாவுக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது. தெருவில் கல்யாணப் பட்டுக்கு ஆர்டர் நிறைய வருவதால் தறிச் சத்தத்தில் பேசினால் காது கேட்காது. பெரியம்மா மகளுக்குப் போளூரில் வரன் பார்த்திருக்கிறார்கள்.

நேற்று டிரான்சிஸ்டர் மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தபோது ஒன்று நடந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. சார் அடுத்த வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பாடம் பற்றி எழுதக் கூடாது என்று நீ சொன்னதால் எழுதவில்லை.

தேர்வு முடிந்ததும் காஞ்சிபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போகிறேன். விலாசம் பின்னால் இருக்கிறது.

என்றும் உன்
திலகா

ஆரணி, மகளிர் விடுதி
27.6.1997

அடி திலகா,

விலாசத்தைப் பார். வந்துவிட்டேன். உங்கள் வகுப்பு ஜூலையில்தான் தொடங்குமாம், அதனால் காஞ்சிபுரத்துக்கே எழுதுகிறேன்.

நீ சொல்லாமல் விட்டது என்னை ஏப்ரல், மே முழுக்கப் படுத்தி எடுத்தது. மணி அடித்திருக்குமோ, வெடித்திருக்குமோ என்று ரத்னாவை நச்சரித்தேன். அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பஸ்ல ஏறப் பயமா, ரத்னா பக்கத்துல உக்காரப் பயமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்பா" என்றேன்.

"அப்ப ஒண்ணுக்கு நான் வரேன்."

வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் விழுந்த அதே நிறுத்தத்தில் எனக்கு முன்னால் இறங்கி நின்றார். இறங்கிவிட்டேன், திலகா. அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்.

முதல் லேப் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரே இனிஷியலோடு அடுத்தடுத்து எங்கள் பெயர். நீங்கள் இரட்டையரா என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். என் காது சூடாகிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் ரத்னா திரும்பி, "எங்க அக்கா. போன வருசம் அந்த டயோடு விசயத்தக் கண்டுபுடிச்சது அவதான்" என்றாள். அதட்டுவதுபோலச் சொன்னாள். வெட்கம் போய்விடவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டே உட்கார முடிகிறது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு சாரிடம் கேட்டேன், மார்ச்சில் என்ன நடந்தது என்று. அவர் சிரித்துக்கொண்டே ஒரு டிரான்சிஸ்டரையும் நாலு வயரையும் எடுத்து மாட்டி, ஹெட்போனை நீட்டினார். மெல்லிசாக ஒரு ஆள் நெல்லுக்கு உரம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேஜைமேல் ரேடியோ இல்லை. மேஜைக்குக் கீழே குனிந்தும் பார்த்துவிட்டேன். எப்படி என்று கேட்டதும் சார் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போனார்.

"வேணாம் சார்" என்று சொல்லிவிட்டேன். "திலகா வரட்டும்."

மஹிமா