கூட்டினால் தொண்ணூறு இல்லை

வலேரி அப்பா,

நீங்கள் எழுந்திருக்கும்போது நான் இருக்க மாட்டேன். நெத்திலி சம்பல் சட்டியில், சோறு குக்கரில். கேஸ்காரர் பதினொரு மணிக்கு வருவார். காலி சிலிண்டர் பின்வாசலில் இருக்கிறது.

நேற்று நம் மகள் வலேரி முன்னால், “இந்த வயசுல உனக்கு எதுக்கு எஸ்.பி.எம். பரீட்சை? கோணமே தெரியல லா” என்று சிரித்து, என் கணக்கு நோட்டில் இருந்த விடையைக் கோடு போட்டு அடித்து, 20, 70 என்று எழுதினீர்கள்.

கணக்கு கேட்டது மிகைநிரப்புக் கோணங்கள். ஒன்று, மற்றதன் இரு மடங்கைவிட 30 பாகை அதிகம். செங்கோண மூலைமட்டம் வைத்தே சுவர் எழுப்பிப் பழகிய கை உங்களுடையது. அதனால்தான் கூட்டினால் தொண்ணூறு என்று போட்டுவிட்டீர்கள்.

தஞ்சோங் காராங்கில் வாய்க்கால் நேராக ஓடுகிறது, பாலம் அதைச் சாய்வாகக் கடக்கிறது. கரையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கோணம், அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நேர்கோடு, 180.

சின்னது x. பெரியது 2x + 30.
3x + 30 = 180
3x = 150
x = 50. மற்றது 130.

நான் எழுதியிருந்ததும் இதுதான்.

இன்று எஸ்.பி.எம். வகுப்பில் தேர்வு. உங்களைக் கேட்காமல்தான் போகிறேன்.

மாடில்டா

மோட்டார் சைக்கிள் சாவியைத் தேடாதீர்கள், என்னிடம் இருக்கிறது.

உங்கள் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. நோட்டு மேசையில் திறந்தே இருக்கிறது. அந்த 20, 70-ஐ நான் தொட மாட்டேன். வலேரி பள்ளி விட்டு வரட்டும். அவள் முன்னால் நீங்களே கோடு போட்டு அடியுங்கள்.