கொலுப்படியில் நிற்கும் பிரெஞ்சுத் தளபதி

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
25 ஜனவரி 2026, ஞாயிறு, காலை ஒன்பதரை மணி. கைதிகள்: நாற்பத்தொரு இங்கிலீஷ் சிப்பாய்கள், ஒரு தளபதி.

அன்புள்ள தென்றலுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் குறைவு. நீயும் அம்மாவும் சன்னிவேலில் நன்றாக இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள், உன் வாயிலிருந்து கேட்டால் இன்னும் நம்புவேன். நான் போனில் கேட்டால் நீ "ஃபைன், அப்பா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கிரீன் கார்டு இன்னும் அதே இடத்தில்தான், அது வரும்வரை இந்தக் கம்பெனியை விட்டு அங்கே வர முடியாது, அதைப் பற்றி மறுபடி எழுத எனக்குப் பொறுமை இல்லை. விஷயத்துக்கு வருகிறேன். நேற்று சுந்தரராமன் அங்கிளைத் தோற்கடித்தேன். சும்மா இல்லை, நசுக்கினேன்.

போன ஜனவரி நீ இங்கே ஆடியது எனக்கு மறக்கவில்லை, உனக்கும் மறந்திருக்காது. நம்ம ஊர் வந்தவாசியில் 1760இல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிய சண்டையை இங்கே கம்யூனிட்டி ஹாலில் வருஷாவருஷம் மேஜை மேல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுகிறோம். அந்த ஒரு நாளில்தான் பிரெஞ்சுக்காரனுக்கு இடுப்பு ஒடிந்தது, அடுத்த வருஷமே பாண்டிச்சேரியும் போய்விட்டது. இரண்டு பேருமே நம்ம ஊர் வயலை மிதிக்க வந்த அந்நியர்கள்தான். ஆனால் யாரும் எடுக்காத பிரெஞ்சுப் பக்கத்தை நீ கேட்டு வாங்கினாய், தளபதி லாலியின் தொப்பி இறகுக்கு மட்டும் இரண்டு வாரம் பெயின்ட் அடித்தாய். பன்னிரண்டு வயசுப் பிள்ளை ஆடுகிறதே என்று பார்க்காமல், உன் வெடிமருந்து வண்டி மேல் குண்டு விழுந்ததும் எதிரே இங்கிலீஷ் பக்கம் ஆடிய சுந்தரராமன் அங்கிள் கை தட்டிக்கொண்டு "பிரெஞ்சு சைடு எடுத்தா அழுதுட்டேதான் வீட்டுக்குப் போகணும் பாப்பா, ஹிஸ்டரி அப்பவே டிசைட் பண்ணிடுச்சு"ன்னு சொன்னார். நீ அங்கே அழவில்லை. காரில் அழுதாய். தோற்றவர் தளபதியை ஜெயித்தவர் எடுத்துக்கொள்வார் என்பது அவரே எழுதிய ரூல், சரி, எடுத்துக்கொண்டார். ஆனால் நவராத்திரிக்கு அவர் வீட்டுக் கொலுவில் கடைசிப் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் லாலியைக் கயிறு கட்டி நிறுத்தி, "வந்தவாசியில் பிடிபட்ட லாலி" என்று சீட்டு ஒட்டி, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாரே, அதைத்தான் நான் விடுவதாக இல்லை. அந்தச் சீட்டே தப்பு. வந்தவாசியில் பிடிபட்டது லாலியின் துணைத் தளபதி புஸ்ஸி, லாலி இல்லை. அன்றைக்கு நீ பிரஷ்ஷை எடுத்து அலமாரியில் வைத்ததாக அம்மா சொன்னாள், இன்றுவரை திறக்கவில்லையாம்.

நேற்று பிரெஞ்சுப் பக்கத்தை நான் எடுத்தேன், என்ன நடந்தது என்று கேள். இந்த வருஷம் மேஜையை அவர்தான் அமைத்தார், சாட்டிலைட் படத்தைப் பார்த்து. படம் மே மாசத்தில் எடுத்தது, எல்லாம் காய்ந்த தரை. மயிலாப்பூர் ஃப்ளாட்டில் வளர்ந்தவருக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் நான் ஏரிக்குக் கீழே பச்சைத் துணியை விரித்து, சண்டை நடந்தது தை மாசம், அறுப்பு முடியாத வயல், குதிரை ஓடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே "பொங்கல் டெக்கரேஷனா செழியன்? போட்டுக்கோங்க"ன்னு ஒத்துக்கொண்டார். பிறகு பழக்க தோஷத்தில் குதிரைப்படை முழுவதையும் அந்தப் பச்சைக்குள்ளேயே விட்டார். எட்டு அங்குலம் பாய வேண்டியது இரண்டு அங்குலத்தில் நின்றது. நடுவர் வெங்கடாசலம் அங்கிளிடம் அப்பீல் பண்ணினார். கோபிச்செட்டிபாளையத்துக்காரர் விடுவாரா, "ஏனுங்க, தை மாசத்துல ஏரிக்குக் கீழ வயக்காட்டுல எருமைய எறக்குனாலே எந்திரிக்காதுங்க, நீங்க குதிரைய எறக்கிப்போட்டு நாயம் கேக்கறீங்களே"ன்னாரு. ஹாலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, சுட்டேன். என் வெடிமருந்து வண்டியை முன்னாலேயே மேட்டுக்குப் பின்னால் நகர்த்தியிருந்தேன், அவர் குண்டு ஒன்றும் அதைத் தொடவில்லை. அவருடைய இங்கிலீஷ் தளபதி கூட் இப்போது என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

லாலியைக் கொடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். தோற்றவர்தான் வந்து ஜெயித்து மீட்க வேண்டுமாம், அப்பாவெல்லாம் செல்லாதாம், ரூல் ஏழு. வெங்கடாசலம் அங்கிளும் படித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு சுந்தரராமன் அங்கிள் பார்க்கிங்கில் என் கார் வரைக்கும் வந்து, தளபதி கூட்டைக் கொடு, லாலியைத் தருகிறேன், கைமாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டார். கையை நீட்டியிருந்தால் லாலி நாளைக்கே தபாலில் உன்னிடம் கிளம்பியிருக்கும். நீட்டவில்லை. அப்படி வந்தால் அது அவர் போட்ட பிச்சை, நீ தோற்றது தோற்றதாகவே நிற்கும். வீட்டுக்கு வந்து உனக்கு போன் பண்ணிச் சொன்னேன். நீ மெதுவாக "இஸ் ஹிஸ் ஹாட் ஓகே?" என்று லாலியின் தொப்பியைப் பற்றி மட்டும் கேட்டாய். இறகு கொஞ்சம் வளைந்திருக்கிறது, பார்த்தேன். நீ கேட்டாயே, அது போதும் எனக்கு.

இனி நான் செய்யப் போவது:

1. ஸ்பிரிங் பிரேக் லீவுக்கு நீ இங்கே வர டிக்கெட். அம்மாவிடம் பேசியாகிவிட்டது, திட்டினாள், சரி என்றாள்.
2. அந்த வாரச் சனிக்கிழமை ஹாலை புக் பண்ணுவேன். சுந்தரராமன் அங்கிள் ஊரில் இல்லை என்று சொல்ல முடியாதபடி குரூப்பில் எல்லோருக்கும் இன்றே அறிவிப்பேன்.
3. வண்டியை எங்கே வைப்பது, வயலை என்ன செய்வது, எதுவும் சொல்லித்தர மாட்டேன். பின்னால் நிற்பேன், வாயை மூடிக்கொண்டு. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.
4. கூட் இந்த நவராத்திரிக்கு சன்னிவேல் கொலுவில், கடைசிப் படியில், செட்டியார் கடையில் புளி வாங்கக் கியூவில் நிற்பார். படம் குரூப்புக்குப் போகும். சீட்டில் தப்பு இருக்காது.
5. நீ ஜெயித்தால் லாலியை அவர் கையாலேயே உன் கையில் கொடுக்க வைப்பேன். இறகை நீயே நிமிர்த்திக்கொள்.
6. தோற்றால், மறுபடி ஒன்றிலிருந்து.

ராத்திரி பல்லுக்கு ரிடெய்னரைப் போட்டுக்கொண்டு தூங்கு. அலமாரியைத் திற. ஜெயிக்கும் பிள்ளையாக இரு, தோற்றால் திரும்பி வரும் பிள்ளையாக இரு.

உன் அப்பா,
நெடுஞ்செழியன்