மாடியிலிருந்து வந்த மணியார்டர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் வக்கீலும் சொன்னபடியே நிபாரண் பாபுவிடம் ஐந்து மாதமாக வாடகை வாங்கவில்லை. வாங்காமலே இருந்தால் அவரைப் பாக்கிக்காரர் என்று சொல்லி மாடி அறையைக் காலி செய்ய வைக்கலாம், வீட்டையும் விற்கலாம். நானும் ஒழுங்காகத்தான் நடித்தேன். படிக்கட்டில் அவர் எதிரே வந்தால் சுவரில் பல்லி தேடுவேன்.

அவரோ மாதாமாதம் தபாலாபீஸ் போய் எனக்கு மணியார்டர் அனுப்புகிறார். நான் வேண்டாம் என்பேன். மறுநாள் தபால்காரர் ஹாரு மாடியேறி அவரிடமே திருப்பிக் கொடுப்பார்.

"இருபது படி இறங்க வேண்டிய பணம் சியாம்பஜார் முழுக்கச் சுத்தி வருது, அண்ணி. என் முட்டிக்கு யாரு வாடகை தர்றது? அதுசரி, வாங்காத பணத்தோட சேதியை மட்டும் எதுக்குப் படிக்கிறீங்க?"

"படிக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லலையே!"

வழக்கமாக மணியார்டரோடு வரும் சேதிச் சீட்டில் 'இம்மாத வாடகை' என்று மட்டும் இருக்கும். நேற்று ஒரு வரி கூடுதல்: 'நான்கு நாளாக உங்கள் இருமல் மாடிவரை கேட்கிறது. டாக்டரைப் பாருங்கள்.'

போன கடிதத்தில் உனக்கும் எழுதியிருந்தேனே, அதே இருமல்தான். உன் பதிலில் வீட்டின் விலை விவரமாக இருந்தது.

ஒருமுறை வாங்கினாலே வழக்கு செல்லாமல் போய்விடும் என்று வக்கீல் எச்சரித்தது நினைவிருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன்.

வக்கீல் குதித்தால், அம்மா கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்று சொல்லிக்கொள். உன்னிடம் மறைப்பானேன், கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன்.

இப்படிக்கு,
டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருக்கும்
அம்மா