ஒரு நாளும் விட்டுப்போகாத பதிவேடு

திருவண்ணாமலை,
30.9.2007, ஞாயிறு.

அன்புத் தம்பி இளஞ்செழியனுக்கு,

அக்கா மதிவதனி ஆசியுடன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தை தென்றலும் மும்பை மழையில் சளி பிடிக்காமல் சௌக்கியமாக இருக்க அண்ணாமலையார் அருள் புரியட்டும். இங்கே நாங்கள் நலம். உன் மாமாவின் ஆட்டோவுக்கு இப்போது ஆசிரமம் பக்கம்தான் சவாரி ஜாஸ்தி. யாரோ வெள்ளைக்காரரிடம் நாலு வார்த்தை பிரெஞ்சு கற்றுக்கொண்டு வந்து, சாப்பிட உட்காரும்போதெல்லாம் என் உயிரை எடுக்கிறார்.

கையில் போன் இருக்க அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய். மின்னஞ்சல் என்றால் ஆலைக் கணினியில்தான் அடிக்க வேண்டும். இது அங்கே உட்கார்ந்து அடிக்கிற விஷயமில்லை. அதனால் பொறுமையாக முழுவதும் படி.

எங்கள் அட்டை ஆலைக்கு நூற்றுக்கு எண்பத்து நான்கு போட்டிருப்பதாக ஜூலையில் சொன்னாய். ஒரு கம்பெனி தண்ணீரை எப்படிச் செலவழிக்கிறது, கழிவை என்ன செய்கிறது, ஆட்களை எப்படி நடத்துகிறது என்று பார்த்து உங்கள் ஆபீஸ் மார்க் போடும். அந்த மார்க்கைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரர்கள் பங்கு வாங்குவார்கள் என்று எனக்குப் புரியும்படி விளக்கினாய். கழிவுநீர்ப் பதிவேட்டில் ஆறு வருஷமாக ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை, அதற்கே முழு மார்க் என்றாய். அதை எழுதுவது நான்தான்டா என்று சொன்னதும் நீ சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அன்று சாயங்காலமே தெருவில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆலையின் ஆண்டறிக்கையில் எங்கள் படம் ஒன்று வந்திருப்பதாகவும் சொன்னாயே. பௌர்ணமிதோறும் ஆலைக்கு லீவு விட்டு, கம்பெனி வேனிலேயே எங்களைக் கிரிவலத்துக்கு ஏற்றிப் போவார்கள். கையில் மோர் டம்ளரோடு நான் முன்வரிசையில் நிற்பேன். தொழிலாளர் நலன் என்று அதற்கும் மார்க் உண்டு என்றாய்.

இந்தப் புரட்டாசிப் பௌர்ணமிக்கு நான் வேனில் ஏறவில்லை. கீழ்பென்னாத்தூரில் மாமாவின் சித்தப்பா தவறிவிட்டார், தீட்டு. மலை சுற்றத்தான் போகக் கூடாது, வேலையாவது பார்ப்போம் என்று பஸ் பிடித்து ஆலைக்குப் போனேன். ஆபீஸில் ஈ காக்கை இல்லை. உள்ளே பத்துப் பன்னிரண்டு ஒப்பந்த ஆட்களை வைத்து இயந்திரத்தை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் நாற்றம் தாங்க முடியவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சுத்திகரிப்புத் தொட்டியின் மோட்டார் ஓடவில்லை. மதில் ஓரம் ஒரு குழாய், காட்டாமணக்குப் புதருக்குள். காபிக் கஷாயம் மாதிரி தண்ணீர், நுரையோடு நேராக ஏரிக் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போய், "என்னம்மா, நீ மலை சுத்தப் போகலியா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, தொட்டி தாங்கவில்லை, மாசத்துக்கு ஒரு நாள்தான், அன்றைக்கு எல்லா அதிகாரிகளும் டவுனில் கிரிவலக் கூட்டத்தைப் பார்க்கிற வேலையில் இருப்பார்கள் என்று ஏதேதோ சொன்னார்.

இப்போது சொல்கிறேன் கேள். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் நான் பதிவேட்டைத் திறந்தால், லீவு நாளுக்கான இடம் காலியாக இருக்கும். ராஜமாணிக்கம் வந்து, "முந்தாநாள் மாதிரியே போட்டுடும்மா" என்பார். போட்டுவிடுவேன். பக்கம் காலியாக இருந்தால் அசிங்கம் என்று நினைத்தேனே தவிர, ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. நீ முழு மார்க் போட்டது என்னுடைய அந்தக் கையெழுத்துக்குத்தான் தம்பி.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஏரிக்கரை ஜோதியம்மாளுக்குப் போன வருஷம் இரண்டு கன்றுக்குட்டிகள் செத்தன. ஏரித் தண்ணி குடித்துத்தான் செத்தது, உங்க ஆலையில எதாவது விடுறாங்களா என்று என்னிடம் இரண்டு தடவை வந்து கேட்டாள். ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை, நானே எழுதுகிறேன் என்று அவளை அதட்டினேன். "நீ சொன்னா சரியாத்தான்ம்மா இருக்கும்" என்று போய்விட்டாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வியாழக்கிழமை காலையில் ராஜமாணிக்கம் வழக்கம்போல வந்து நின்றார். நான் எழுதவில்லை. அவரே பேனாவை எடுத்தார். நான் பதிவேட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, பதினோரு வருஷ வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று நிதானமாகத்தான் சொன்னார். அவர் நிதானம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். வேலை போனால் போகட்டும், ஆட்டோ ஓடுகிறது, நீ நிம்மதியாகத் தூங்கு என்றார். அந்த மனுஷனைப் பிரெஞ்சுக்காகத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். செப்டம்பர் 26, ஒரு வரி காலி. பழைய பௌர்ணமித் தேதிகளையும் பின்னால் எழுதியிருக்கிறேன். உன்னிடம் உள்ள பிரதியில் ஒத்துப்பார். ஒவ்வொரு தடவையும் முதல் நாள் போட்ட அளவே மறுபடியும் இருக்கும்.

உன் அறிக்கை நவம்பரில்தான் அச்சுக்குப் போகும் என்றாய். அதற்கு முன்பு ஐப்பசிப் பௌர்ணமி வருகிறது, அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. உன் மேலதிகாரியையும் கூட்டிக்கொண்டு வா. வருவதாக ஆலைக்குச் சொல்லாதே. காகிதத்தில் பார்த்தது போதும். அந்தக் குழாயை வந்து கண்ணால் பார். நீ போட்ட மார்க்கை நீயே குறைப்பது உனக்கு எவ்வளவு தலைகுனிவு என்று எனக்குத் தெரியும். அக்காவால் வந்த தலைகுனிவு என்பது இன்னும் நன்றாகத் தெரியும். அதற்கு என்னை மன்னித்துவிடு.

எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கூட்டலில் தவறி உனக்குப் பத்து மார்க் ஜாஸ்தி போட்டுவிட்டார், நினைவிருக்கிறதா? யாருக்கும் தெரியாது, விட்டுவிடுடா என்று நான்தான் சொன்னேன். நீ கேட்கவில்லை. அவரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளப் போனாய். வழியெல்லாம் அழுதாய், வகுப்பு வாசல் வரைக்கும் என் கையை விடவில்லை.

இந்தத் தடவை எனக்குத்தான் பயமாக இருக்கிறது. வாசல் வரைக்காவது கூட வா.

தென்றலுக்கு என் முத்தங்கள். நீ நூறு வருஷம் நல்ல பெயரோடு இருக்க வேண்டும்.

உன் கையைப் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கும் அக்கா,
மதிவதனி